மருமகன்கள் பெயரில் ஓடிய இரும்பாலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் கோட்ஸ்வில் என்ற சிறிய ஊர் வரும். பிராண்டிவைன் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில் 1810இல் தொடங்கிய ஓர் இரும்பாலை, அதே இடத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இரும்பையும் எஃகையும் தகடாக உருட்டியிருக்கிறது. அதன் முதல் நூற்றாண்டில் ஆலையை நடத்தியவர்களின் குடும்பப் பெயர்களை வரிசையாக எழுதினால் இப்படி வரும்: பென்னாக், லூக்கன்ஸ், கிப்பன்ஸ், ஹஸ்டன்.

முதன்முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்தபோது, ஆலை மூன்று நான்கு தடவை விற்கப்பட்டுக் கைமாறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் யாருக்கு யார் என்ன உறவு என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். லூக்கன்ஸ், பென்னாக்கின் மருமகன். கிப்பன்ஸும் ஹஸ்டனும் லூக்கன்ஸின் மருமகன்கள். ஆலை ஒரே குடும்பத்தில்தான் இருந்திருக்கிறது. அது மகள் வழியாக இறங்கி வந்ததால், ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியே தொங்கிய பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

பழைய அமெரிக்க இரும்பாலைக் குடும்பங்களின் வரலாற்றைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதனால் கோட்ஸ்வில் ஆலையையே உதாரணமாக வைத்துக்கொண்டு, ஆலை என்றால் அன்றைக்கு என்ன, அது ஏன் குடும்பச் சொத்தாகவே இருந்தது, பெண்கள் அதில் எங்கே நின்றார்கள் என்று பார்ப்போம்.

ஆலை என்றால் எந்த ஆலை?

இன்றைக்கு எஃகு ஆலை என்றதும் ஒரே வளாகத்தில் எல்லாம் நடக்கும் ஒரு பேரமைப்பு நம் மனத்தில் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்த வேலை பெரும்பாலும் மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தது.

முதலாவது ஊதுலை. எட்டுப் பத்து மீட்டர் உயரத்துக்குக் கல்லால் கட்டிய கோபுரம் போன்ற அமைப்பு. மேலிருந்து இரும்புத் தாது, மரக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். கீழே, நீர்ச்சக்கரம் இயக்கும் பெரிய துருத்திகள் காற்றை ஊதும். சுண்ணாம்புக்கல் தாதுவிலுள்ள அழுக்கைப் பிடித்துக் கசடாக மிதக்கும். உருகிய இரும்பு அடியில் தேங்கும். அதைத் திறந்துவிட்டு மணலில் வெட்டிய வாய்க்கால்களில் பாய்ச்சினால் வார்ப்பிரும்புப் பாளங்கள் கிடைக்கும். இதில் கரிச்சத்து அதிகம். அடித்தால் வளையாது, உடையும். சட்டி, அடுப்புப் பலகை வார்க்கலாம். குதிரைக்கு லாடம் செய்ய முடியாது.

இரண்டாவது பட்டறை. வார்ப்பிரும்பை மறுபடி காய்ச்சி, காற்றுப்பட வைத்து, கரிச்சத்தை எரித்து, நீர்ச்சக்கரத்தில் ஓடும் பெரிய சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்றுவார்கள். வருவது தேனிரும்பு. இது வளையும், நீளும், கொல்லனின் சொல்படி கேட்கும்.

மூன்றாவதுதான் நம் கதைக்கு வேண்டியது. உருட்டிக் கீறும் ஆலை. தேனிரும்புக் கட்டியை உலையில் சிவக்கக் காய்ச்சி, நீர்ச்சக்கரத்தால் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். சப்பாத்திக் கட்டைக்குக் கீழே மாவு போவதுபோல இரும்பு தட்டையாகி நீளும். ஒரு தடவை போதாது. உருளைகளை நெருக்கி நெருக்கி மறுபடி மறுபடி செலுத்த வேண்டும். இரும்பு ஆறிவிட்டால் திரும்பவும் உலைக்கு. அப்படிக் கிடைத்த பட்டையை, ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் வட்டக் கத்திகளுக்கிடையே விட்டால் மெல்லிய சட்டங்களாகக் கீறிக்கொண்டு வரும். இந்தச் சட்டங்களை வாங்கிப் போய்க் கொல்லர்கள் துண்டு போட்டு, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைத் தட்டித் தலை வைத்தால் ஆணி. வீடுகளை மரத்தால் கட்டுகிற நாட்டில் ஆணிக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது வகை ஆலையைத்தான் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் விரும்பவில்லை. 1750இல் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கர்கள் பாளமும் கட்டியும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பலாம். ஆனால் புதிதாக உருட்டிக் கீறும் ஆலை வைக்கக் கூடாது, எஃகு உலை வைக்கக் கூடாது. கச்சாப் பொருள் நீ கொடு, முடித்த சரக்கை நான் விற்கிறேன் என்ற கணக்கு. ஏற்கெனவே இருந்த ஆலைகள் ஓடின; சட்டத்தை மீறியும் சில ஆலைகள் முளைத்தன. விடுதலைக்குப் பிறகு, 1793இல், செஸ்டர் கவுன்டியில் பக் ரன் என்ற ஓடைக் கரையில் ஐசக் பென்னாக் என்பவர் ஓர் உருட்டிக் கீறும் ஆலை கட்டி அதற்கு ‘ஃபெடரல்’ என்று பெயர் வைத்தார். ‘ஒன்றியத்தின் ஆலை’ என்று சொன்னால் பொருந்தும். அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் தடைசெய்யப்பட்டிருந்த தொழிலுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதில் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெண்ணைக் கொடுத்து உலையையும் கொடுத்தவர்கள்

ஏன் குடும்பம்? எளிய பதில், பணம். ஊதுலை ஒன்று ஓட ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு வேண்டும். மரக்கரி அவ்வளவு தின்னும். அதற்கு மேல் தாது கிடைக்கும் நிலம், அணை, வாய்க்கால், தொழிலாளர் வீடுகள், வண்டிகள், மாடுகள், குதிரைகள். சரக்கு விற்றுக் காசு வர மாதக்கணக்காகும். பங்கு வெளியிட்டு முன்பின் தெரியாதவர்களிடம் பணம் திரட்டுவது அன்றைக்கு எளிதல்ல. கடன் கொடுப்பவன் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பான். அதனால் கூட்டாளி என்றால் அண்ணன், மைத்துனன், மாமனார்.

இன்னொரு பதில், தொழில் தெரிந்த ஆள். மகன் இல்லாமல் போகலாம். இருந்தும் உதவாமல் போகலாம். மருமகனைப் பொறுக்கி எடுக்க முடியும்.

பென்சில்வேனியாவில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஜேக்கப் ஹூபர் என்பவருக்கு லங்காஸ்டர் கவுன்டியில் ஓர் உலை இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஹென்றி வில்லியம் ஸ்டீகல் 1752இல் அவர் மகள் எலிசபெத்தைக் கட்டிக்கொண்டார். சில ஆண்டுகளில் உலை ஸ்டீகல் கூட்டாளிகளின் கைக்கு வந்தது. அதன் பெயர் எலிசபெத் உலை. ஸ்டீகல் பிறகு கண்ணாடித் தொழிலில் பெரிய பேர் வாங்கினார், ஆடம்பரமாக வாழ்ந்தார், கடனில் மூழ்கிச் சிறைக்கும் போனார். அவர் விட்ட இடத்தில் உள்ளே வந்தவர் ராபர்ட் கோல்மன். அயர்லாந்திலிருந்து 1764இல் கையில் பெரிதாக ஒன்றுமில்லாமல் வந்த பையன். ஜேம்ஸ் ஓல்ட் என்ற இரும்பாலை முதலாளியிடம் கணக்கெழுதப் போனார். 1773இல் முதலாளியின் மகள் ஆன் ஓல்டைக் கைப்பிடித்தார். பிறகு எலிசபெத் உலையைக் குத்தகைக்கு எடுத்தார், புகழ்பெற்ற கார்ன்வால் உலையிலும் சுரங்கத்திலும் பெரும்பங்கைச் சேர்த்தார், மாநிலத்தின் முதல் பெருங்கோடீஸ்வரர்களில் ஒருவரானார்.

(இடையில் ஒரு துணுக்கு. இந்தக் கோல்மனின் மகள் ஆன், ஜேம்ஸ் புக்கானன் என்ற இளம் வழக்கறிஞருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள். நிச்சயம் முறிந்தது, 1819இல் அவள் இறந்துபோனாள். புக்கானன் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில் அவர் அமெரிக்காவின் 15ஆவது குடியரசுத் தலைவர். மருமகனை ஏற்ற இரும்புக் குடும்பங்கள் பற்றிப் பேசும்போது, ஏற்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, சொத்து மகளுக்குத்தானே போயிற்று, பிறகு ஏன் ஆவணங்களில் மருமகன் பெயர்? இங்கேதான் அன்றைய சட்டம் குறுக்கே வருகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டத்தின்படி, திருமணம் ஆன பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. அவள் கொண்டுவந்த ரொக்கம், நகை, மேசை நாற்காலி, சம்பாதித்த கூலி எல்லாம் கணவனுடையவை. நிலம் அவள் பெயரில் இருந்தாலும் நிர்வாகமும் வருமானமும் அவனிடம். தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. மணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் மட்டும் இந்தக் கட்டு இல்லை. அதாவது ஒரு பெண் தன் பெயரில் ஆலை நடத்த வேண்டுமென்றால், கணவன் இல்லாமலிருக்க வேண்டும். பல குடும்ப வரலாறுகளில் ஒரு பெண் கணவன் இறந்ததும் திடீரென ஆவணங்களில் தோன்றுவதற்கு இதுதான் காரணம். அதுவரை அவள் சும்மா இருந்தாள் என்று அர்த்தமில்லை.

ரெபெக்கா

ஐசக் பென்னாக்குக்கும் மார்த்தா வெப்புக்கும் 1794 ஜனவரியில் பிறந்த பெண் ரெபெக்கா. அப்பா ஆலை தொடங்கிய மறு ஆண்டு. குடும்பம் குவாக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. எளிமையான உடை, அலங்காரமில்லாத வழிபாடு என்று கட்டுப்பாடுகள் நிறைந்த பிரிவுதான். ஆனால் பெண்ணைப் படிக்க வைப்பதில் மற்றவர்களைவிட முன்னே நின்றது, கூட்டத்தில் பெண் எழுந்து பேசவும் இடம் கொடுத்தது. ரெபெக்காவை டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குப் பிடித்த பாடங்கள் வேதியியலும் பிரெஞ்சும். சின்ன வயதில் குதிரையேறி அப்பாவோடு சுற்றிய பெண். உருளையின் சத்தம் அவருக்குப் புதிதல்ல.

1810இல் ஐசக், ஜெஸ்ஸி கெர்சி என்பவரோடு சேர்ந்து பிராண்டிவைன் கரையில் இருந்த ஒரு மரம் அறுக்கும் ஆலையை வாங்கி இரும்பாலையாக மாற்றினார். பெயர், பிராண்டிவைன் இரும்பாலை மற்றும் ஆணித் தொழிற்சாலை. இந்தக் கெர்சி ஒரு குவாக்கர் போதகர். அந்த ஆற்றங்கரை நிலத்தின் பழைய சொந்தக்காரர் மோசஸ் கோட்ஸ். கோட்ஸ்வில் என்ற ஊர்ப் பெயருக்குக் காரணமானவர். கெர்சி அவருக்கு என்ன உறவு? மருமகன்தான். நான் இந்தக் கட்டுரைக்காகத் தேடிப் பிடிக்கவில்லை, அதுவாக வந்து நிற்கிறது.

1813இல் ரெபெக்கா, சார்லஸ் லூக்கன்ஸ் என்ற இளம் மருத்துவரை மணந்தார். கொஞ்ச நாளில் சார்லஸ் வைத்தியத்தை விட்டுவிட்டு மாமனாரின் தொழிலில் இறங்கினார். முதலில் பக் ரன் ஆலையில் கூட்டாளி. பிறகு பிராண்டிவைன் ஆலையைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாக நடத்தினார். மருத்துவம் படித்தவன் இரும்பு உருட்டப் போவானேன் என்று கேட்கலாம். அன்றைய கிராமப்புற மருத்துவரின் வருமானத்தையும், சொந்தமாக ஆலை வைத்திருக்கும் மாமனாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி எழாது.

சார்லஸ் செய்த பெரிய காரியம், ஆணிச் சட்டத்திலிருந்து ஆலையைத் தகட்டுக்குத் திருப்பியது. நீராவி வந்துகொண்டிருந்த காலம். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனுக்குத் தகடு வேண்டும். 1818 வாக்கில் அமெரிக்காவிலேயே முதன்முறையாகக் கொதிகலன் தகட்டை உருட்டியது இந்த ஆலைதான் என்பது அதன் வரலாற்றில் எப்போதும் சொல்லிக்கொள்ளும் பெருமை.

ஆணிச் சட்டத்துக்கும் கொதிகலன் தகட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஓர் ஆணி உடைந்தால் இன்னோர் ஆணி அடிக்கலாம். கொதிகலன் என்பது பல தகடுகளை வளைத்து, விளிம்போடு விளிம்பு மேலே ஏற்றி, துளையிட்டுத் தறை அடித்துச் சேர்த்த பீப்பாய். உள்ளே நீராவி நாலாப்பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கும். தகட்டில் ஓரிடம் மெல்லிசாக இருந்தாலும், உள்ளே ஒரு கசடு நரம்பு மறைந்திருந்தாலும், அந்த இடம் வழிவிடும். வெடித்தால் படகில் இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். ஆகவே தகடு அகலமாகவும் வேண்டும், எங்கும் ஒரே கனமாகவும் வேண்டும், இரும்பும் சுத்தமாக இருக்க வேண்டும். இத்தனையும் நீர்ச்சக்கரத்தின் பலத்தில். அகலமான சூடான இரும்பு உருளைக்குள் பாதியில் நிற்கும்போது சக்கரம் திணறினால், அந்தத் தகடு வீண்.

1825 மார்ச்சில் ஒரு பெரிய வேலை வந்தது. யார்க் நகரில் ஜான் எல்கர் என்பவர் ‘கோடோரஸ்’ என்ற நீராவிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். அதன் உடலே இரும்பு. அமெரிக்காவில் கட்டப்பட்ட முதல் இரும்புடல் நீராவிப் படகு அது. தகடுகள் பிராண்டிவைனிலிருந்து போக வேண்டும். அந்த ஆண்டின் கடைசியில் படகு சஸ்குவஹானா ஆற்றில் மிதந்தது. சார்லஸ் பார்க்கவில்லை. அந்தக் கோடையிலேயே அவர் இறந்துவிட்டார்.

ரெபெக்காவுக்கு 31 வயது. வயிற்றில் குழந்தை. அதற்கு முந்தின ஆண்டுதான் அப்பாவும் இறந்திருந்தார். பிறந்த பெண் குழந்தைக்குக் கணவரின் பெயரைச் சேர்த்துச் சார்லசன்னா என்று வைத்தார். ஆலையில் கடன், பாதியில் நிற்கும் கோடோரஸ் வேலை, சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஆட்கள். ஆலையை விடாதே என்பது கணவர் சாகுமுன் கேட்டுக்கொண்டது.

அம்மா மார்த்தாவின் பேச்சு வேறு. பெண்பிள்ளைக்கு இது தகாத வேலை என்றார். அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டுக் கடந்துவிடலாம் என்றால், அப்பாவின் உயில் குறுக்கே நின்றது. ஆலை தனக்குத்தான் என்று ரெபெக்கா நம்பியிருந்தார். சார்லஸும் அந்த நம்பிக்கையில் தன் பணத்தை ஆலைக்குள் போட்டிருந்தார். உயிலில் அது தெளிவாக இல்லை. சொத்து அம்மாவின் பிடியில் போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு. தான் நடத்தி வளர்த்த ஆலைக்கே ரெபெக்கா நெடுங்காலம் வாடகைக்கு இருப்பவர்போல இருக்க நேர்ந்தது. அந்தச் சிக்கல் அவிழப் பல பத்தாண்டுகள் ஆயின. குடும்பத் தொழில் என்று சொல்லும்போது அன்பும் பாசமும் மட்டும் இருந்ததாக நினைத்துக்கொள்கிறோம். குடும்பத்துக்குள் கிடக்கும் பத்திரங்களையும் பார்க்க வேண்டும்.

அவர் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. உலை, உருளை, ஆட்களை மேய்ப்பது எல்லாம் கணவரின் சகோதரர் சாலமன் லூக்கன்ஸ் கையில். தேனிரும்புக் கட்டி எங்கே வாங்குவது, தகடு என்ன விலைக்குக் கொடுப்பது, யாருக்குக் கடன் நிறுத்துவது, எந்த வண்டிக்காரன் பிலடெல்பியாவுக்கும் வில்மிங்டனுக்கும் சரக்கு ஏற்றிப் போவது, இவை எல்லாம் ரெபெக்கா. கோடோரஸ் தகடுகளை ஒப்புக்கொண்டபடி முடித்துக் கொடுத்தார். பிறகு கணவர் வைத்துப்போன கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் சக்கரம் நிற்கும், ஆலை நிற்கும்; அந்தக் கணக்கையும் சேர்த்தே எல்லாம்.

1834இல் பிலடெல்பியாவிலிருந்து அதே மாநிலத்தின் கொலம்பியா என்ற ஊர் வரை ரயில் பாதை திறந்தது. அது கோட்ஸ்வில் வழியாகவே போயிற்று. வண்டிமாட்டு வேகத்தில் போன தகடு ரயிலேறியது; அந்த ரயில் எஞ்சினுக்கே கொதிகலன் தகடும் வேண்டியிருந்தது. பின்னர் 1837இல் நாட்டையே உலுக்கிய பணமுடை. வங்கிகள் தாள் பணத்துக்கு ஈடாகத் தங்க, வெள்ளிக் காசு தர மறுத்தன, தொழில்கள் சரிந்தன. ஆர்டர் இல்லாத நாட்களில் ரெபெக்கா ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆலையைப் பழுதுபார்க்கவும் தன் பண்ணையில் வேலை செய்யவும் வைத்தார். ரொக்கம் தீர்ந்தபோது பண்ணையில் விளைந்ததைக் கூலியாகக் கொடுத்தார். இதைக் கருணை என்று மட்டும் எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் கெட்டிக்காரத்தனமும் தெரிகிறது. தகடு உருட்டத் தெரிந்த ஆளை ஒரு தடவை விட்டால் திரும்பப் பிடிப்பது கடினம்.

1994இல் பென்சில்வேனியா சட்டமன்றம் அவரை ‘அமெரிக்காவின் முதல் பெண் தொழிலதிபர்’ என்ற பொருளில் பாராட்டியது. ‘முதல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்; அவருக்கு முன்பும் கைம்பெண்கள் பட்டறையும் அச்சகமும் நடத்தியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கனரகத் தொழிலை நடத்தி, கடனோடு கைக்கு வந்ததைச் செழிப்பாக ஒப்படைத்தவர் என்பதே எனக்குப் போதுமான பாராட்டாகத் தோன்றுகிறது.

மறுபடியும் மருமகன், மறுபடியும் டாக்டர்

அடுத்த தலைமுறையிலும் மகள்கள்தான். மூத்தவள் மார்த்தாவின் கணவர் ஏப்ரகாம் கிப்பன்ஸ். 1847இல் நிர்வாகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு ரெபெக்கா ஒதுங்கினார். அடுத்த ஆண்டு இன்னொரு மகள் இசபெல்லாவுக்கும் திருமணம். மாப்பிள்ளை பெயர் சார்லஸ் ஹஸ்டன். தொழில், மருத்துவம்.

ஆமாம், மறுபடியும் ஒரு சார்லஸ், மறுபடியும் ஒரு மருத்துவர், அவரும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு ஆலைக்குள் நுழைந்தார். ரெபெக்காவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிப்பன்ஸ் சில ஆண்டுகளில் விலகி வங்கித் தொழிலுக்குப் போய்விட்டார். ரெபெக்கா 1854 டிசம்பரில் காலமானார். அதன்பிறகு ஆலை ஹஸ்டன் கையில்.

அதே 1848இல் இன்னொன்றும் நடந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுடையதாகவே இருக்கும், கணவனின் கடனுக்கு அதைப் பிடுங்க முடியாது என்று பென்சில்வேனியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அம்மா கைம்பெண்ணான பிறகே அடைந்த நிலையின் ஒரு பகுதி, மகள் மணமேடை ஏறும் ஆண்டிலேயே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஒரு பகுதிதான், கூலியும் ஒப்பந்தமும் சரியாக இன்னும் காலம் பிடித்தது.

ஹஸ்டன் சும்மா பெயருக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை அல்ல. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல அவர் இரும்பைப் பார்த்தார். எந்தத் தகடு எவ்வளவு இழுவையில் கிழிகிறது, சூடேறினால் அதன் பலம் எப்படி மாறுகிறது என்று 1870களில் சோதனை எந்திரம் வைத்து அளந்து, கட்டுரைகள் எழுதினார். கொதிகலன் வெடிப்புகள் மக்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், தகட்டுக்குத் தரநிலை வேண்டும் என்று அரசு கேட்டபோது ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ரெபெக்கா இறந்தபிறகு, 1859இல், ஆலைக்கு அவர் நினைவாக லூக்கன்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். நன்றிதான், மறுக்கவில்லை. ஆனால் லூக்கன்ஸ் என்பது அவருக்குக் கணவர் வழியாக வந்த பெயர். இரும்பு அவருக்கு வந்தது பென்னாக் வழியாக. நடத்திக் காட்டியவரோ அவரே. விவரம் தெரியாத ஒருவர் ஆலையின் பெயரைப் பார்த்தால், யாரோ ஒரு திருவாளர் லூக்கன்ஸ் ஆரம்பித்து நடத்திய நிறுவனம் என்றே நினைப்பார். சார்லஸ் அதை நடத்தியது பத்தாண்டுக்கும் குறைவு. ரெபெக்கா நடத்தியது இருபத்திரண்டு ஆண்டு.

அப்புறமான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹஸ்டனின் மகன்கள் ஏப்ரகாம் பிரான்சிசும் சார்லஸ் லூக்கன்ஸ் ஹஸ்டனும் பொறுப்பேற்றார்கள். ஒருவழியாக மகன் வழி! 1890இல் லூக்கன்ஸ் இரும்பு எஃகுக் கம்பெனி, 1917இல் லூக்கன்ஸ் எஃகுக் கம்பெனி. 1918இல் அவர்கள் நிறுவிய 204 அங்குல உருட்டாலை அப்போது உலகிலேயே பெரிய தகட்டாலை. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். ரெபெக்காவின் நீர்ச்சக்கரம் திணறிய இடத்திலிருந்து ஒரு நூறு ஆண்டு. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களின் அடியில், ஒரு தண்டு மேலே போய் மூன்று கிளையாகப் பிரியும் எஃகுத் தூண்கள் இருந்தன. அவற்றுக்கான எஃகு இங்கேதான் உருண்டது. 2001 தாக்குதலுக்குப் பின்னும் மிஞ்சிய சில தூண்களை 2010இல் கோட்ஸ்வில்லுக்கே கொண்டுவந்தார்கள். நிறுவனம் 1998இல் பெத்லஹெம் ஸ்டீலுக்குப் போயிற்று. அதன்பிறகு பெயர்ப்பலகை இன்னும் சில தடவை மாறியது, அந்த மாற்றங்கள் எதிலும் கல்யாணம் இல்லை.

நீங்கள் இனி இப்படியொரு குடும்ப வரலாற்றைப் படிக்க நேர்ந்தால், கடைசிப் பெயரோடு நிற்காமல் நடுப்பெயரையும் பாருங்கள். ஆங்கிலப் பெயர்களில் நடுவில் வரும் பெயரை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அக்குடும்பங்களில் தாய்வழிக் குடும்பப் பெயரை அங்கேதான் பத்திரப்படுத்தினார்கள். ரெபெக்காவின் முழுப்பெயரை எழுதிப் பாருங்கள்: ரெபெக்கா வெப் பென்னாக் லூக்கன்ஸ். வெப், அம்மா பிறந்த வீடு. பென்னாக், அப்பா வீடு. லூக்கன்ஸ், புகுந்த வீடு. அவருடைய பேரன் சார்லஸ் லூக்கன்ஸ் ஹஸ்டன்: முன்னால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவான பெயர், பின்னால் அப்பா வீட்டுப் பெயர், நடுவில் அம்மா இசபெல்லா பிறந்த வீட்டுப் பெயர். பாட்டி இறந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 1856இல் பிறந்தவர் அவர்.